துண்டு காயும் இடம்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழியைக் கட்டியவர் ஏற்காட்டில் ஒரு மழைக்காலத்தைக் கூடக் கழித்திருக்க மாட்டார். கழித்திருந்தால் அதைத் திருப்பிப் போட்டிருப்பார்.

நான் சேலத்துக்காரி. சுவரில் கை வைத்தால் சுடுகிற ஊரில் பிறந்து, சுவரில் கை வைத்தால் நனைகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீடு காப்பித் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. காப்பிக்கு நிழல் வேண்டும் என்று சில்வர் ஓக்கும் பலாவுமாக வளர்த்து, அந்த மரங்களில் மிளகுக் கொடியையும் ஏற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் என் மாமனார் வீட்டையும் கட்டி வைத்தார். காப்பிச் செடிக்கும் மருமகளுக்கும் ஒரே பக்குவம் போதும் என்று நினைத்தார் போலும். ஐப்பசி பிறந்தால் ஓட்டில் பாசி படரும். அலமாரியைத் திறந்தால் பட்டுப்புடவை பூஞ்சை வாடை அடிக்கும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும்.

இத்தனை வருடம் அதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வருடம் ஆனி மழையிலேயே மூச்சிழுப்பு வந்தது. முதலில் இரவில் கொஞ்சம், பிறகு பகலிலும். சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. சேலத்தில் டாக்டரிடம் காட்டினோம். அவர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்து பாதிதாம்மா. ஈரமில்லாத, வெயில் படற வீடாப் பாத்து இருங்க" என்றார். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

மகள் சேலத்தில் இருக்கிறாள். மாடியில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, கட்டில் போட்டு, "வந்துருங்கம்மா" என்று தினமும் போன் செய்தாள். கடைசியில், அந்த வருடக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் நான் கீழே போய்விடுவது என்று முடிவானது. அவர் வர முடியாது. காப்பியை யாரிடம் விடுவது? விட்டுவிட்டு வந்தாலும் அவருக்குச் சேலத்தில் தூக்கம் வராது. மின்விசிறிச் சத்தம் ஆகாது. ஆக, அவர் மேலே, நான் கீழே, நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். இந்த வயதில் கணவனும் மனைவியும் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நினைத்தாலே நெஞ்சை அடைத்தது. அது இழுப்பு இல்லை.

இந்த நிலையில்தான் திராட்சை வந்தது.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுவது வழக்கம். சேலம் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை வாங்கி வந்து, கழுவித் துடைத்துப் பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் ஒரு கைப்பிடி கோதுமையும் கிராம்பும் போட்டு வாயைக் கட்டி வைப்பேன். ஆவணியில் என் தங்கை வீட்டுக்காரர் வந்திருந்தார். பெங்களூருக்கு அப்பால் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். ஒயினுக்கென்றே திராட்சை வளர்க்கும் தோட்டம். போன வருடத்து மிச்சத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. ஆனா இது திங்கற பழமுங்க. ஒயினுக்குன்னு தனி ஜாதி இருக்குது. நாத்து வேணும்னா நான் கொண்டாறேன். ஒண்ணுதான், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயிலு படோணும். நெழல்ல வெச்சா எலை மட்டும் தாட்டியா வரும், பழம் வராது."

நான் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் வந்து வெயில் கேட்கிறாரே என்று. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் வெயில் தேடக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், பொறாமை. இன்னும் முளைக்காத ஒரு செடியின் மேல் பொறாமைப்பட்டேன். கட்டியவள் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறாள், அவளுக்கு ஒரு ஜன்னலை அகலப்படுத்தத் தோன்றவில்லை. எங்கேயோ இருக்கும் திராட்சைக் குச்சிக்கு வெயில் தேடி மனிதர் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறார். மகளிடம் போனில் புலம்பினேன். "அப்பாவுக்கு எதாச்சும் ஒண்ணு வேணுமில்லைங்கம்மா, நீங்க கெளம்பறீங்கன்னு கவலையா இருக்கும்" என்றாள். கவலைப்படுகிறவர் விசில் அடித்துக்கொண்டா போவார்?

சில நாள் கழித்து, "எடம் கெடைச்சிருச்சு, வா புள்ள" என்று கூட்டிப் போனார். கிணற்றுக்கு மேலே ஒரு சரிவு. நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, "பாரு, எவ்வளவு வெயிலு" என்றார். பார்த்தேன். தலைக்கு மேல் சில்வர் ஓக் இலைகள். தரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"இதா வெயிலு?"

"பின்ன? கண்ணு கூசுது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காப்பிக்காரனுக்கு வெயில் என்றால் இலை வழியாக வடிந்து வருகிற வெயில்தான். அதில் பாதி வந்தால் நல்ல வெயில், முக்கால் வந்தால் ஆபத்து, முழுசாக வந்தால் செடி கருகிவிடும் என்று ஓடிப்போய் மரம் நடுவார்கள். பிறந்ததிலிருந்து நிழலை அளந்து பழகிய கண் அது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு திராட்சைக்கு இடம் தேடினால் விளங்கினாற்போலத்தான்.

"உங்க கண்ண நம்ப முடியாதுங்க" என்றேன். "துணி காயப்போட்டுப் பாருங்க. துண்டு பொய் சொல்லாது."

கோபத்தில் சொன்னதுதான். வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து துணி காயவைக்க நான் பட்ட பாட்டை நினைத்துச் சொன்னது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பழைய வேட்டி ஒன்றை ஒரே அளவு துண்டுகளாகக் கிழித்தார். காலையில் எல்லாவற்றையும் ஒரே வாளியில் நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, தோட்டத்தில் அங்கங்கே குச்சி நட்டுக் கட்டினார். எந்தத் துண்டு முதலில் காய்கிறதோ அங்கே திராட்சை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்துக் குரங்குகளுக்கு வெள்ளைத் துணியைக் கண்டால் ஆகாது, உருவிக்கொண்டு போய்விடும். "நீ சும்மாதான இருக்கற, துண்டுக்குப் பக்கத்துல சேர் போட்டு ஒக்காந்து பாத்துக்க" என்றார். நான் சும்மா இருக்கிறேனாம். ஆனாலும் போனேன். ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட அது மேல். மடக்குச் சேரை அவரே தூக்கி வந்து போடுவார். ஒரு நாள் கிணற்று மேடு, ஒரு நாள் மூங்கில் வளைவு, ஒரு நாள் பழைய ஆரஞ்சுத் தோட்டம் இருந்த இடம். ஒவ்வோர் இடத்திலும் காலையிலிருந்து மாலை வரை நானும் ஒரு துண்டும்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நடந்தவையா கனவா என்று சந்தேகமாக இருக்கிறது. காலையில் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வரும். முதலில் கீழ் வரிசைக் காப்பிச் செடிகள் மறையும், பிறகு மரத் தூர்கள், பிறகு என் கால்கள். தூரத்தில் கட்டிய துண்டுகள் மட்டும் வெள்ளையாக மிதக்கும். காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் பேசுவது கேட்கும், ஆள் தெரியாது. ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள், இன்னொருத்தி சிரிப்பாள், யார் யாரென்று தெரியாமல் நானும் சிரிப்பேன். அடிவாரத்திலிருந்து ஏறி வரும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிப்பது மூட்டத்துக்குள் எங்கிருந்தோ வரும். சேரில் சாய்ந்தபடி கண் செருகிவிடும். எப்போதாவது மூட்டம் விலகி, கன்னத்தில் இளஞ்சூடாக ஏதோ படும். கண்ணைத் திறக்காமல் அப்படியே இருப்பேன். திறந்தால் போய்விடும் என்று பயம்.

அந்த அரைத்தூக்கத்தில் திராட்சைக் கொடியையும் பார்ப்பேன். நான் ஒரு நாளும் பார்க்காத கொடி. கம்பியில் கை நீட்டி நிற்கும். அதற்கு நல்ல வெயில் கிடைத்திருக்கும். நான் சேலத்து மாடியில் கட்டிலில் படுத்திருப்பேன், இவர் இங்கே அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். விழித்துக்கொள்ளும்போது வாயெல்லாம் கசக்கும்.

மாலையில் அவர் வந்து துண்டைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு, "இருமல் வந்துச்சா?" என்று கேட்பார். பெண்டாட்டியை இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "வராம?" என்பேன். சேரை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார்.

ஊர் சும்மா இருக்குமா? பறிப்பு நடக்கிற சமயத்தில் எஸ்டேட்காரர் துண்டு காயவைத்துக்கொண்டு திரிகிறார் என்று பேச்சானது. வெள்ளக்கடைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒரு நாள் வண்டியை நிறுத்திக் கத்தினார்: "ஏனுங்க, தோட்டமெல்லாம் வெள்ளைக்கொடி காட்டறீங்க, அம்மாகிட்டச் சரணாகதியா?"

"அது எப்பவோ ஆயாச்சுங்க" என்றார் இவர்.

கார்த்திகை வந்துவிட்டது. ஒரு துண்டும் மாலைக்குள் காயவில்லை. எல்லாம் தொட்டால் சில்லென்று இருந்தன. மழை விட்ட நாட்களே குறைவு. என் இழுப்பும் குறையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் கூட இருந்தது. எனக்கில்லாத வெயில் திராட்சைக்கும் இல்லை, நல்லது.

அப்புறம் ஒரு நாள் குரங்கு நான் கண் அயர்ந்த நேரத்தில் துண்டை உருவிக்கொண்டு ஓடியது. கத்தினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரிவின் தெற்கு மூலையில் இருந்த பாறை மேட்டில் ஏறி, துண்டை விரித்துப் பார்த்து, பிடிக்காமல் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஓணான் பாறை என்று பறிக்கிற பெண்கள் அதைச் சொல்வார்கள். எங்கள் நிலத்தில் உருப்படாத இடம் அது ஒன்றுதான். மண் கொஞ்சம்தான், அதிலும் சரளை. மாமனார் காலத்தில் அங்கே வைத்த காப்பி மஞ்சளடித்துச் செத்தது, மரமும் வேர் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்த மூலையைப் பற்றிப் பேசினாலே வெட்கம். விருந்தாளிகளைத் தோட்டம் சுற்றிக் காட்டும்போது அந்தப் பக்கம் போகவே மாட்டார். துண்டு கட்டவும் போகவில்லை. அது அவருக்கு இடமாகவே தோன்றவில்லை.

துண்டை எடுக்க நான் ஏறினேன். நாலடி வைத்து நின்று, நாலடி வைத்து நின்று ஏறினேன். மேலே போனதும் உட்கார்ந்துவிட்டேன். பாறையின் சூடு புடவையைத் தாண்டி உடம்பில் ஏறியது. சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு இந்தச் சூடு உண்டு. வடகிழக்கில் மேடு எழும்பி வாடைக்காற்றை மறைத்திருந்தது. மூட்டம் எனக்குக் கீழே தேங்கி நின்றது, மேலே வரவில்லை. வெயில் காலத்தில் உச்சிக்கு வருகிற சூரியன் கார்த்திகை, மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்ந்த சூரியனுக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது அந்தப் பாறை. பக்கத்தில் இரண்டு ஓணான்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கீழேயிருந்து அவர் கூப்பிடுகிற சத்தம் எழுப்பியது. சேர் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறார். 

"இங்க இருக்கறனுங்க! கொரங்கு துண்டத் தூக்கிட்டு வந்துருச்சு, எடுக்க வந்தேன், அப்பிடியே தூங்கிட்டனுங்க!"

ஏறி வந்தார். நான் துண்டை நீட்டினேன். அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அவர் அதை வாங்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? காஞ்சிருச்சு பாருங்க."

"இன்னொருக்காக் கத்து."

"எதுக்கு?"

"ஒரே மூச்சுல அத்தனையும் சொன்ன."

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நல்லாத் தூங்கி எழுந்ததால் இருக்கும் என்றேன். திராட்சைக்கு இடம் கிடைத்துவிட்டது, என் துண்டு வேலையும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, போட்டிக்காரிக்கு நானே இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அவரைப் பாறை மேட்டில்தான் பார்க்க முடிந்தது. காப்பி பறிப்பை மேஸ்திரியிடம் விட்டுவிட்டார். முளைக்குச்சி, சுண்ணாம்பு, கயிறு என்று கொண்டுபோனார். சேலத்திலிருந்து யாரோ ஒருவர் வந்து மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார். கொடிக்குக் கல்தூண் நடுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் போல இருந்தது. நான் உள்ளே டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜாடியில் ஒயின் அடங்கித் தெளிந்திருந்தது. வீடுகளில் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். மாலையில் மாதா கோயில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் கடைசியாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! போகப் போகிறோம் என்றதும் பாசி பிடித்த ஓடு கூட அழகாகத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்தது. மகள் மறுநாள் காரோடு வருவதாக இருந்தது. அன்று மதியம் தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார்.

"அக்கா, அண்ணன் போன எடுக்க மாட்டேங்கறாருங்க. நாத்து நல்லா வேர் புடிச்சிருச்சு. வர்ற வாரம் பஸ்ஸிலயே கொண்டாந்தர்றேன்."

"பஸ்ஸுல எப்பிடீங்க தம்பி? அத்தனையும் வண்டியில இல்ல ஏத்தோணும்?"

"எத்தனைங்கக்கா? ரெண்டுதான? கட்டப்பைல வெச்சு மடியில வெச்சுக்குவேன்."

"ரெண்டா?"

"ரெண்டே போதும்னு அன்னைக்கே சொல்லிட்டாருங்களே. ஆவணில நான் வந்துட்டுக் கெளம்பறப்பவே சொன்னாரு."

போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு ஏக்கருக்குத் தேடுகிறவர் போலத் தேடினாரே. மழையில், மூட்டத்தில், பறிப்பை விட்டுவிட்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாள் முழுக்க என்னை உட்கார வைத்தாரே. மாலையில் வந்து துண்டைத் தொட்டுவிட்டு இருமல் வந்ததா என்று கேட்டாரே.

பாறை மேட்டுக்குப் போனேன். வழக்கம்போல நின்று நின்றுதான் ஏறினேன். அவர் குனிந்து ஒரு முளைக்குச்சியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அந்தச் சுண்ணாம்புக் கோடுகளை நன்றாகப் பார்த்தேன். கொடி வரிசை இப்படியா இருக்கும்? ஒரு பெரிய கட்டம். அதை ஒட்டி ஒரு சின்னக் கட்டம்.

"ஏனுங்க, நாத்து ரெண்டே ரெண்டுதானாமா?"

"ம்."

"ரெண்டு நாத்துக்கா இத்தன பாடு?"

அவர் நிமிரவில்லை. "வாசலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மேல பந்தலுக்கு ஏத்தி உட்டாப் போதும்."

"எந்த வாசலுக்கு?"

சுண்ணாம்புக் கோட்டைக் கண்ணால் காட்டினார். "கொத்தனாரு வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. பங்குனிக்குள்ள ரெண்டு ரூம்பு எழுப்பிப் போடலாங்கறாரு. அது வரைக்கும் மககிட்ட இரு. அப்பறம் வந்துரு."

எனக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. "மொதல்லயே சொன்னா என்னங்க? திராட்சை திராட்சைன்னு என்னைக் கருக்கி எடுத்துட்டீங்களே!"

"உனக்குன்னு சொல்லித் தேடி, கெடைக்காமப் போயிருந்தா?" என்றார். "திராட்சைக்குன்னா, எடமில்லையா சரி போகுதுன்னு உட்டர்லாம். உன்ன அப்பிடி உட முடியுமா?"

நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி பனி ஏறி வரும் பள்ளத்தைப் பார்த்து இருந்தது.

"வாசல் எந்தப் பக்கமுங்க?"

"கெழக்க."

"மார்கழி வெயிலு எங்க இருக்குது? தெக்க இல்ல இருக்குது. தெக்க வைங்க."

"தெக்க பாத்து வாசலு யாராச்சும் வெப்பாங்களா புள்ள? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். குடியிருக்கப் போறவ நானு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிழக்கே போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனார்.